ஒன்று புள்ளி பத்து

நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், தம்பி. எனக்குச் சத்தமாகப் பேச வராது. இந்த மின்விசிறி வேறு தன் பங்குக்குப் பேசிக்கொண்டிருக்கிறது. தட்டச்சு செய்கிற மகளே, நீயும் அவசரப்படாதே. நான் நிறுத்தி நிறுத்தித்தான் சொல்வேன், உன் விரல் நோகாது. உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கதை சொல்லப் போகிறேன். பாதியில் நிறுத்தமாட்டேன், முடிவை மறைக்கவும் மாட்டேன். நடுவில் யாராவது கூப்பிட்டால் போய்விட்டு வாருங்கள். நான் இங்கேயேதான் இருப்பேன்.

உங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கோப்பின் மேலும் சீட்டு ஒட்டி, எண், தேதி, யார் பொறுப்பு என்று அழகாக எழுதி வைத்திருக்கிறீர்கள். சீட்டை ஒழுங்காக எழுதுகிறவர்களை எனக்கு உடனே பிடித்துவிடும். பன்னிரண்டு வருடமாக என் வேலையே சீட்டு வாசிப்பதுதான்.

மருத்துவமனையில் கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பியில் மாட்டியிருக்குமே, மருந்தை அளந்து அளந்து உடம்புக்குள் ஏற்றுகிற கருவி, நர்சுகள் பம்ப் என்பார்கள், அதற்குள் ஓடுகிற மென்பொருளை எங்கள் நிறுவனம் எழுதி அனுப்புகிறது. அது ஒரு பேக்கேஜாகப் போகும். நான் பொட்டலம் என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு பொட்டலத்தின் தலைமாட்டிலும் ஒரு சீட்டு உண்டு. அதில் ஏழெட்டு வரி: பொட்டலத்தின் பெயர், பதிப்பு எண், எந்த மாதிரிக் கருவிக்கு, வேறு எது கூட இருந்தால் இது ஓடும், பராமரிப்பவர் யார். பம்ப் தினமும் எங்களிடம், ‘என்னிடம் இருப்பதைவிடப் புதியது ஏதாவது இருக்கிறதா’ என்று கேட்கும். சீட்டை வாசித்து அதற்குப் பதில் சொல்கிற நிரல் என்னுடையது. பார்சர் என்று அதற்குப் பெயர். எங்கள் வாசல் காவலாளிக்கு அது கடைசி வரை பார்சல்தான்.

“என்ன பார்சல் அம்மா, இன்னிக்கு எத்தனை பார்சல் பிரிச்சீங்க?” என்பார்.

“பிரிக்கறது இல்லண்ணே. மேல எழுதியிருக்கறத மட்டும் வாசிப்பேன்.”

“அடேங்கப்பா. அடுத்தவங்க கடுதாசி மேல இருக்கற விலாசத்த வாசிக்கறதுக்கு ஒரு ஆபீசு, அதுக்கு ஒரு காவல்காரன் வேற.”

நல்ல மனிதர். அவரை எதிலும் இழுக்காதீர்கள்.

என் தங்கை மகள் என்னிடம் வந்தபோது அவளுக்கு ஆறு வயது. தங்கையும் அவள் வீட்டுக்காரரும் ஒரே வாகனத்தில் போனார்கள், ஒரே நாளில் போய்விட்டார்கள். எனக்குக் கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை. ஒரு தட்டச்சு நிலையத்தில் வேலை, ஓர் அறையும் சமையலிடமும் உள்ள வீடு. அவள் வந்த முதல் வாரத்திலேயே என் தட்டச்சு இயந்திரத்தின் விசைகளில் நான்கைக் கழற்றிவிட்டாள். வாலு என்று பெயர் வைத்தேன். உங்கள் கோப்பில் வேறு பெயர் இருக்கும். என் வாயில் அவள் வாலுதான்.

அவள் என்னைப் பெரியம்மா என்பாள். அந்தச் சொல்லுக்குள் அம்மா இருப்பதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். பெரியம்மாவாக இருப்பவர்கள்தான் கவனிப்பார்கள். எட்டு வயதில் ஒரு கடுங்காய்ச்சலில் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்று நாள் அப்படியே கூப்பிட்டாள். காய்ச்சல் இறங்கியதும் மறுபடி முழுச் சொல் ஆகிவிட்டது. அந்த மூன்று நாளும் மருந்தை வேளை தவறாமல் கொடுத்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் படிப்புக்காக நானும் படித்தேன். தட்டச்சிலிருந்து கணினிக்கு வந்தேன், கணினியிலிருந்து நிரலுக்கு வந்தேன், யாரும் சொல்லித்தரவில்லை. பிறகு அவளும் பட்டம் வாங்கி எங்கள் நிறுவனத்துக்கே வந்தாள். என் மேசைக்கு எதிர்மேசை. வந்த முதல் மாதமே என் பழைய பார்சரைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“பெரியம்மா, இது புரோகிராமா, பூனை விளையாடின நூல்கண்டா? எந்த நுனிய இழுத்தா எது அவிழும்னே தெரியலயே.”

“ஓடுதுல்லடி?”

“ஓடுது. ஏன் ஓடுதுன்னுதான் யாருக்கும் தெரியாது.”

அவள்தான் ஒரு லைப்ரரியை, யாரோ முன்பே எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பை, கொண்டுவந்தாள். ஃபங்ஷனல் முறை என்பார்கள். பயப்பட வேண்டாம், எளிமையானது. அதில் எல்லாமே சின்னச் சின்ன ஃபங்ஷன். ஒன்றுக்கு ஓர் எண்ணை வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். இன்னொன்றுக்குப் புள்ளியை மட்டும் அடையாளம் தெரியும். இன்னொன்று ஒரு வரியின் முதல் சொல்லை எடுத்துக் கொடுக்கும். லைப்ரரி இவற்றைக் கோத்துத் தரும்: இதற்குப் பின் இது, இது இல்லையென்றால் அது, அதுவே பலமுறை. கோத்துக்கொண்டே போனால் முழுச் சீட்டையும் வாசித்துவிடலாம். வாசிக்க முடியாத சீட்டு வந்தாலும் அது கூச்சல் போட்டு வேலையை நிறுத்தாது. எப்போதும் இரண்டு கிண்ணம் வைத்திருக்கும். வாசிக்க முடிந்தால் விடையை வலது கிண்ணத்தில் போடும். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்ற காரணத்தை இடது கிண்ணத்தில் போடும்.

“இதுல எனக்கு என்ன பிடிக்கும் தெரியுமா பெரியம்மா? உள்ள என்ன போட்டோமோ அதுக்கு என்ன வரணுமோ அதுதான் வரும். நேத்து நடந்தத மனசுல வச்சுக்காது. கோவம், பொறாமை, இன்னிக்கு மனசு சரியில்ல, ஒண்ணும் கிடையாது. மனுஷங்களும் இப்படி இருந்தா எவ்ளோ நிம்மதி.”

“அப்புறம் என்னை மாதிரி ஆளுங்களை என்னடி பண்றது?”

“உங்கள ஒரு ஃபங்ஷனா மாத்திடறேன். பசியைப் போட்டா சாப்பாடு வரும்.”

அப்படிச் சிரிப்பாள். அவள் சிரித்தால் எதிர்மேசையே சிரிப்பது போல இருக்கும்.

இப்போது கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், தம்பி, முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. தாளில் ஒன்று, பிறகு புள்ளி, பிறகு பத்து என்று எழுதுங்கள். உங்கள் கணக்கு வாத்தியார் அதை எப்படி வாசிக்கச் சொல்லியிருப்பார்? ஒன்று புள்ளி ஒன்று பூஜ்யம். கடைசிப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை. ஆகவே அது ஒன்று புள்ளி ஒன்பதைவிடச் சிறியது. சரிதானே? எங்கள் தொழிலில் அதை ஒன்று புள்ளி பத்து என்று வாசிக்க வேண்டும். இங்கே அந்தப் புள்ளி வெறும் வேலி. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் பத்து. ஒன்பதாவது பதிப்புக்குப் பிறகு வந்த பத்தாவது. அதனால் பெரியது, புதியது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஒருமுறையாவது இதில் வழுக்கி விழுவார்கள். விழுந்தால் இடது கிண்ணத்தில் எதுவும் இருக்காது. ஒன்று புள்ளி ஒன்று என்பதும் ஒழுங்கான எண்தானே. வலது கிண்ணத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். கேட்கிற பம்ப்புக்கு, ‘உன்னிடம் இருக்கும் ஒன்பதே புதியது’ என்று பதில் போகும்.

பம்ப்பின் ஒன்பதாவது பதிப்பில் ஒரு குறை இருந்தது. நர்சு மருந்துப் பையை மாற்றுவதற்காக நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டால், அதுவரை உள்ளே போன அளவைப் பம்ப் மறந்துவிடும். முதலிலிருந்து முழு அளவையும் ஏற்றும். எப்போதும் அல்ல, நூற்றில் ஒருமுறை. அதைக் கண்டுபிடித்தது வாலுதான். மருத்துவமனைகளுக்கெல்லாம் கடிதம் போயிற்று: புதிய பதிப்பு வரும்வரை நடுவில் நிறுத்தாதீர்கள், வந்துவிட்டால் பம்ப்பின் திரையே ‘சமீபத்திய பதிப்பு’ என்று காட்டும், பிறகு வழக்கம்போல் நிறுத்தலாம் என்று. அவள் ஐந்து வாரம் உட்கார்ந்து குறையைத் தீர்த்தாள். பதிப்பு எண் ஒன்று புள்ளி பத்து. பராமரிப்பவர் என்ற வரியில் அவள் பெயர்.

அதுதான் அவள் எங்களுக்குச் செய்யவிருந்த கடைசிப் பொட்டலம்.

ஒரு பையன் இருந்தான். பையன் என்ன, முப்பது வயது, இயன்முறை மருத்துவர். வாசலில் குனிந்துதான் நுழைவான், அதனால் நெட்டையன் என்று வைத்திருந்தேன். நல்ல பிள்ளை. என் முழங்கால் வலிக்கு மூன்று பயிற்சி சொல்லிக்கொடுத்தான், இப்போதும் செய்கிறேன். இரண்டு பேருக்கும் வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. போய், அங்கேயே பதிவுத் திருமணம். வாலு என்னிடம் சொன்னபோது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

“நல்லதுடி,” என்றேன்.

“இன்னொரு விஷயம் இருக்கு பெரியம்மா. இப்ப சொல்லமாட்டேன். ஒரு மாசம் பொறுங்க. கைகூடட்டும், சொல்றேன்.”

“சரி.”

“என்ன, ஏதுன்னு கேக்கமாட்டீங்களா?”

“நீ சொல்லும்போது சொல்லு.”

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த நாற்காலியில் இப்போது வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டுப் போகிறவர், தன் பெயரில் கடைசியாகப் போன பொட்டலத்தைப் பற்றித் தொடர்ந்து பதினான்கு நாள் ஒரு புகாரும் வராமல் இருந்தால்தான் போகலாம். நடுவில் ஒரு புகார் வந்தாலும் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். பொட்டலம் ஒரு திங்கட்கிழமை போயிற்று. செவ்வாய்க்கிழமை மதியம் என் பார்சர் பத்தை ஒன்று என்று வாசிப்பதைக் கவனித்தேன். ஒரு பம்ப்புக்கும் புதிய பதிப்பு போயிருக்கவில்லை. ஆனால் எல்லாப் பம்ப்பின் திரையிலும் ‘சமீபத்திய பதிப்பு’ என்று காட்டியது.

சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். பதினான்கு நாள் கழித்துச் செய்யலாம் என்று நினைத்தேன்.

அப்படி முகத்தைச் சுளிக்காதீர்கள் தம்பி. நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. எண் மாறவில்லையே என்று யாராவது புகார் சொல்வார்கள். கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இவள் இன்னும் இரண்டு வாரம் என் எதிரில் இருப்பாள். அவ்வளவுதான் நினைத்தேன். இரண்டு வாரம் என்பது பெரிய ஆசையா? இருபது வருடம் கூடவே இருந்தவளிடம்?

புதன்கிழமை ஒரு மருத்துவமனையிலிருந்து நர்சு பேசினாள். குழந்தைகள் வார்டு. புகார்த் தொலைபேசி அன்று என் மேசையில் இருந்தது.

“மேடம், புதுசு பத்துன்னு லெட்டர்ல போட்டிருக்கு. எங்க பம்ப்ல ஒம்பதுன்னுதான் இருக்கு. ஆனா கீழ சமீபத்திய பதிப்புன்னு காட்டுது. எது சரி?”

“எழுதிக்கிட்டேன்மா. பார்க்கச் சொல்றேன்.”

“அது வரைக்கும் நிறுத்தி ஓட்டலாமா, கூடாதா? ஒரு பாப்பாவுக்கு நாலு மணிக்கொரு தடவ பை மாத்தணும். நிறுத்தாம மாத்தறது ரொம்பக் கஷ்டமா இருக்கு மேடம்.”

“சமீபத்தியதுன்னு காட்டுதுல்ல?”

“காட்டுது.”

“அப்ப ஓட்டுங்கம்மா.”

“ரொம்ப நன்றிம்மா. உங்க குரலக் கேட்டா எங்கம்மா பேசற மாதிரியே இருக்கு.”

புகாரைப் பதிவு செய்தேன். ‘பதிப்பு எண் காட்டுவதில் சிறு குழப்பம்’ என்று எழுதினேன். கணக்கு ஒன்றுக்குத் திரும்பியது. வாலு என் மேசைக்கு வந்து, “ஐயோ பெரியம்மா, பொட்டலத்துல எங்கயோ தப்புப் பண்ணிட்டேன் போல,” என்றாள். பொட்டலத்தில் தப்பே இல்லை. இல்லாத தப்பை அவள் மூன்று வாரம் தேடினாள். அந்த மூன்று வாரமும் மதியம் என்னோடுதான் சாப்பிட்டாள். நெட்டையன் கூப்பிட்டால், “இப்ப முடியாதுப்பா, தலைக்கு மேல வேலை,” என்று வைத்துவிடுவாள். சின்ன வயதில் வீட்டுக்கணக்கு வராதபோது உட்காருவது போல, ஒரு காலை மடித்து நாற்காலியில் உட்கார்ந்து, பென்சிலைக் கடித்துக்கொண்டு தேடினாள். ஒருமுறை கேட்டாள்.

“பெரியம்மா, உங்க பார்சர் சரியாத்தானே வாசிக்குது?”

“நேத்துதான் பார்த்தேன். எல்லாம் வலது கிண்ணத்துல இருக்கு.”

அது பொய் இல்லை, பாருங்கள். எல்லாம் வலது கிண்ணத்தில்தான் இருந்தன.

முதலில் இறந்தவர் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். எழுபத்தொரு வயது. வயதானவர் என்பதால் பம்ப்பை யாரும் சந்தேகப்படவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது, ஏனென்றால் பம்ப்புகள் அனுப்புகிற குறிப்புகளை நான் தினமும் வாசிப்பேன்: நிறுத்தம், தொடக்கம், அளவு, மறுபடி அதே அளவு. அன்றைக்கே சரிசெய்திருக்கலாம். ஆனால் சரிசெய்தால் நேரம் பதிவாகும், ஏன் என்று கேட்பார்கள். தவிர அன்றைக்குக் கணக்கில் பன்னிரண்டாம் நாள். அவரைப் பற்றி வந்த குறிப்பை நானே புகாராக எழுதினேன். மறுபடி ஒன்று.

இரண்டாவது, பிரசவித்து நான்கு நாள் ஆன ஒரு பெண். குழந்தை நன்றாக இருக்கிறது, விசாரித்தேன். மூன்றாவது, அந்த நர்சு சொன்ன பாப்பா. அதற்கு ஆறு வயது. அந்த நர்சு மறுபடி பேசினாள். “நீங்கதானேம்மா ஓட்டலாம்னு சொன்னீங்க,” என்றாள். யாரம்மா பேசுவது என்று கேட்டேன். வைத்துவிட்டாள். அவளை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவள் மேல் தப்பில்லை என்று தனியாக ஒரு தாளில் எழுதித் தருகிறேன், மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இருக்கிறதா? போதும், போதும்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நிபுணர்கள் வந்தார்கள். பொட்டலத்தை விட்டுவிட்டுப் பார்சரைத் திறந்தார்கள். எங்கள் தொழிலில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் யார் செய்தார், எந்த நாள், எந்த நேரம் என்ற பதிவு இருக்கும். பொட்டலம் போவதற்கு நான்கு நாள் முன்பு, ஒரு வியாழக்கிழமை மாலை மூன்று நாற்பதுக்கு, எண்–புள்ளி–எண் என்று கோத்திருந்த மூன்று சின்ன ஃபங்ஷன்களையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தசம எண்ணை வாசிக்கிற ஒரே ஃபங்ஷனை யாரோ வைத்திருந்தார்கள். மாற்றத்தின் தலைப்பில் ‘இடைவெளிகள் ஒழுங்கு செய்யப்பட்டன’ என்று இருந்தது. செய்தவர் பெயர், வாலுவின் பெயர்.

அவள் திரையைப் பார்த்தாள். “நான் எழுதினேனா இத?” என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. நான்தான் பக்கத்தில் இருந்தேன். “அந்த வாரம் உன் மனசு இங்க இல்லடி கண்ணு. ஊருக்குப் போற அவசரத்துல இருந்தே,” என்றேன். அவள் ஆமாம் என்றாள். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை கவனித்தேன் என்று சொன்னேன் அல்லவா? அந்தச் சொல்லை அடித்துவிடு, மகளே. கவனித்தேன் என்பது சரியான சொல் இல்லை. வியாழக்கிழமை மூன்றரைக்கு எல்லோரும் தேநீருக்கு இறங்கிப் போனார்கள். வாலு கணினியைப் பூட்டாமல் போனாள். எதிரில் நான் இருக்கும்போது ஏன் பூட்ட வேண்டும்? அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்னும் சூடு இருந்தது. பத்து நிமிடம் பிடித்தது. அவள் பெயரில் இருந்தால், சரிசெய்யும்வரை அவளைப் போகவிடமாட்டார்கள் என்று நினைத்தேன். நினைத்தபடியே நடந்தது. வேறு எதுவும் நடக்கும் என்று நினைக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் ஒன்பதாவது பதிப்பு என்ன செய்யும் என்று அவள் என்னிடம்தான் முதன்முதலில் சொன்னாள். படம் போட்டு விளக்கினாள். எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆகவே, மூன்று பேரையும் கொன்றது நான்தான். அதை இப்படியே, ஒரே வரியாக எழுதிக்கொள்.

கையெழுத்துப் போட்ட மறுநாள், காவலில் இருந்தவளுக்கு மாற்றுத்துணி எடுக்க அவள் அலமாரியைத் திறந்தேன். துணிக்கு அடியில் ஒரு விண்ணப்பத்தின் நகல். குடியேற்ற அலுவலகத்துக்குப் போட்டது. பன்னிரண்டு வருடப் பழக்கம். எந்தத் தாளைப் பார்த்தாலும் வரி வரியாகத்தான் வாசிப்பேன். விண்ணப்பதாரர்: அவள். உடன் நிரந்தரமாக வசிக்க வருபவர்: நான். என் பெயரை முதலெழுத்தோடு சரியாக எழுதியிருந்தாள். உறவு என்ற வரியில் ஒரே சொல். அம்மா.

காய்ச்சல் எதுவும் இல்லை அப்போது அவளுக்கு.

தேதியைப் பார்த்தேன். நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்த வியாழக்கிழமைக்கு ஒன்பது நாள் முன்பு. கைகூடட்டும், சொல்கிறேன் என்றாளே, அது இதுதான். தாளைப் பழையபடி மடித்துத் துணிக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். முன்பே சொல்லியிருக்கலாம், தம்பி. ஒரு வார்த்தை. என்னிடம் எதையும் ஒளித்தவள் இல்லை, இதை ஏன் ஒளித்தாள்? அது அவள் செய்த தவறுதான். ஆனாலும் நான் அதைப் பற்றி அவளிடம் கேட்கவில்லை. இருக்கிற நிலையில் எதற்குக் கேட்க வேண்டும்?

நான் சொல்வதற்கு ஆதாரம் என்ன என்று கேட்பீர்கள். பெற்ற பாசத்தில் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளும் கிழவிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெற்ற பாசம் என்று சொல்லிவிட்டேன், சரி, இருக்கட்டும். அந்த மாற்றத்தைத் திறந்து பாருங்கள். அதில் நான் இரண்டு வாக்கியம் விளக்கம் எழுதியிருக்கிறேன். முதல் வாக்கியத்தின் முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு இடைவெளி இருக்கும். தட்டச்சு நிலையத்தில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கினார்கள். முற்றுப்புள்ளி விழுந்ததும் கட்டைவிரல் தானாக இரண்டுமுறை தட்டும். இன்றைய பிள்ளைகள் ஒருமுறைதான் தட்டுவார்கள். எங்கள் அலுவலகத்தில் இரண்டு தட்டுகிற கை என்னுடையது மட்டும்தான். “உங்க கட்டைவிரலுக்கு விக்கல் பெரியம்மா. ஊர்ல எங்க பார்த்தாலும் உங்க எழுத்தக் கண்டுபிடிச்சிடுவேன்,” என்று வாலு கேலி செய்வாள்.

அப்படியானால் அவளே அதைப் பார்த்திருப்பாளே என்கிறீர்கள்.

இல்லை, தம்பி. பார்க்கவில்லை. திரையை வெகுநேரம் பார்த்தாள் என்பது உண்மை. விரலை அந்த முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் வைத்து, அங்கேயே வைத்திருந்தாள் என்பதும் உண்மை. பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகுதான், “ஆமா. நான்தான் எழுதினேன்,” என்றாள். தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாளா? தெரிந்திருந்தால் ஜாமீனில் வந்த பிறகு என் வீட்டுக்கே வந்திருப்பாளா? நெட்டையன் காரோடு வாசலில் நின்றான், அவனோடு போகவில்லை. என்னோடுதான் இருக்கிறாள். மூன்று மாதமாக என் கையால்தான் சாப்பிடுகிறாள். ஊட்டும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள், வெளிச்சம் கூசுகிறதாக இருக்கும். பேசுவதில்லை, களைப்பு. பெரியம்மா என்றுகூடக் கூப்பிடுவதில்லை. அதுவும் களைப்புதான்.

நாளை தீர்ப்பு. அவளைக் கூட்டிப் போய்விடுவார்கள் என்று வக்கீல் சொன்னார். எத்தனை வருடம் என்று கேட்டேன். சொன்னார். அதனால்தான் இன்று காலை அவளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு இங்கே வந்தேன். மனசாட்சி என்றெல்லாம் எழுத வேண்டாம். அவள் அந்த வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சாவியை உங்களிடம் தருகிறேன். மதியம் பாலைக் கொஞ்சம் ஆற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். நெட்டையன் வந்து கேட்டால், எங்கும் போகிற நிலையில் அவள் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். நான் திரும்பி வரும்போது அவள் அங்கே இருப்பாள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? எல்லாப் பக்கத்திலுமா? சரி.

பொறுமையாகக் கேட்டீர்கள், நல்ல வளர்ப்பு. உங்கள் சட்டைப்பையில் ஒரு குழந்தை வரைந்த தாள் எட்டிப் பார்க்கிறது. மகளே, உனக்கும் ஒன்று இருக்கும், அல்லது வரும். உங்கள் வீடுகள் நன்றாக இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்கட்டும். உங்கள் கையைவிட்டு ஒருநாளும் எங்கும் போகாமல் இருக்கட்டும்.